மூன்று கடைசிப் பெயர்கள்

இந்தப் பியானோவை வாசித்தவன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும், இருபத்தைந்து நிமிடமாக ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், ஏறுவதுபோல ஏறி, உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து இறங்கி, மறுபடியும் முதலிலிருந்து. குறை சொல்லவில்லை. பதினொரு வருடமாக ஓர் எலும்பு டாக்டரின் ஆபீஸில் உட்கார்ந்து காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் காத்திருப்பதையே உத்தியோகமாகச் செய்தவள் நான், இந்தக் கொலம்பஸ் ஊரில் காத்திருப்பு இசையைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர் இருந்தால் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஒரு கம்பெனியில் வயலின் அழும், ஒன்றில் ஜாஸ், ஒன்றில் இசையே கிடையாது, வெறும் அமைதி, அதுதான் பெரிய கொடுமை, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா எழுந்து போய்விட்டார்களா என்றே தெரியாது. இது நடுத்தரம். அரசாங்கத்து இசை. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெண் குரல் வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போகிறது, ஒவ்வொரு முறையும் ஆள்தான் வந்துவிட்டார்கள் என்று என் நெஞ்சு எகிறுகிறது, இவ்வளவு அனுபவம் இருந்தும். போனை ஸ்பீக்கரில் போட்டு உளுந்து டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், கலாமணி மாவு, கலாமணி மாவு, கலாமணி மாவு, கை தன் பாட்டுக்கு ஓடுகிறது, மனசு மட்டும் சுவர்க் கடிகாரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பத்து ஐம்பது. பன்னிரண்டு மணிக்குள் இந்தப் பியானோ நின்று ஒரு மனிதக் குரல் வந்து, உங்கள் மூவருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து காப்பீடு உண்டு என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் மேனேஜர் ஷெரில் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள், ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தால் திங்கள் மதியம் பன்னிரண்டு வரைக்கும் பொறுக்கிறேன் கலா, அதற்கப்புறம் அடுத்த ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிடுவேன் என்று. நல்லவள். நல்லவர்கள்தான் இப்படிக் கதவைப் பாதி திறந்து வைத்து நம்மைக் கொல்வார்கள். ஜனவரி ஒன்றிலிருந்து காப்பீடு வேண்டுமென்றால் பதிந்துகொள்ள இன்றுதான் கடைசி நாள். அதுவும் இன்று, இதுவும் இன்று. வெளியே பனி பெய்கிறது, ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்திருக்கிற மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது, புளித்த வாசனை இலேசாக வீடு முழுக்க வந்துவிட்டது, எனக்கு என்னவோ காலையிலிருந்து சிரிப்பாகவே வருகிறது, பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்டால் தெரியாது, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது போல.

இதெல்லாம் ஒரு போன் இல்லாமலே முடிந்திருக்கும், என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் புத்திசாலித்தனம் குறைவாக இருந்திருந்தால். மனுசன் பெயர் தெய்வசிகாமணி. அவருடைய அப்பா பெயர் நாச்சிமுத்து, காங்கேயத்தில் நெய் வியாபாரம், வானத்தில் போகிற விமானத்தைத் தவிர வேறு விமானம் பார்க்காதவர், ஆனால் இந்த நாட்டில் இருபது வருடமாக அவருக்குத்தான் தபால் வருகிறது, மிஸ்டர் நாச்சிமுத்து அவர்களே உங்கள் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், மிஸ்டர் நாச்சிமுத்து அவர்களே உங்கள் பல்லைக் காட்டி ஆறு மாதமாகிறது. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் இப்படித்தான். எனக்கு என் அப்பா பெயர், நான் மிஸஸ் கருப்பணன், என்னவோ என் அப்பாவையே நான் கட்டிக்கொண்ட மாதிரி. மகள் சுடருக்கு அவள் அப்பா பெயர், ஆகவே அவள் மிஸ் தெய்வசிகாமணி. ஒரே வீடு, ஒரே சாம்பார், மூன்று கடைசிப் பெயர். இதுவரைக்கும் இதனால் ஒன்றும் குடி முழுகவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் கொஞ்சம் முழிப்பார்கள், அவ்வளவுதான். அக்டோபரில் புதுக் காப்பீட்டுச் சட்டத்துக்கான அரசாங்க இணையதளம் திறந்தது, திறந்த நாளிலிருந்து கூட்டம் தாங்காமல் திணறியது, இவர் விடாமல் ஐந்து நாள் உட்கார்ந்து உள்ளே நுழைந்துவிட்டார். நுழைந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அமெரிக்காக்காரனுக்குக் குடும்பம்னா ஒரே பேருதான் கலா. மூணு பேரு போட்டா மூணு குடித்தனம்னு நெனச்சுக்குவான். நானே சரி பண்ணிப்போட்டேன்" என்று சொல்லிக்கொண்டு காபி கேட்டார், ஏதோ கோட்டையைப் பிடித்த களைப்பு முகத்தில். என்ன சரி பண்ணினார் என்று எட்டிப் பார்த்தால், தெய்வசிகாமணி நாச்சிமுத்து, கலாமணி நாச்சிமுத்து, சுடர் நாச்சிமுத்து. என் மாமனாருக்கு அமெரிக்காவில் ஒரு வம்சத்தையே உண்டாக்கி வைத்திருக்கிறார். ஐயோ சாமி, அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் தன் பழைய பதிவேட்டில் தேடுகிறது, கலாமணி நாச்சிமுத்து என்று ஒரு பிறவியே கிடையாது, சுடர் நாச்சிமுத்து பிறக்கவே இல்லை. உங்கள் அடையாளத்தை உறுதி செய்ய முடியவில்லை என்று கடிதம் மேல் கடிதம், பாஸ்போர்ட் நகல் அனுப்பினோம், பிறப்புச் சான்றிதழ் அனுப்பினோம், அவற்றிலெல்லாம் மூன்று பெயர் இருக்கிறதா, இன்னும் குழப்பம். கல்லூரி விடுதியில் இருக்கிற சுடருக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், "நம்ம ஃபேமிலியே இல்லேன்னு கவர்மெண்ட்டே சொல்லிருச்சாம்மா?" என்று. சிரிக்கட்டும். இருபத்தாறு வயது வரைக்கும் அப்பா அம்மா காப்பீட்டிலேயே இருக்கலாம் என்று அதே சட்டம்தான் சொல்கிறது, கழுதைக்கு அந்த அருமை தெரியாது. நான் இவரைத் திட்டவும் இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன்.

அவர் இப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கிறார், வெங்காயம் வதங்குகிறது, பியானோ ஒரு நொடி இறங்குகிறபோது அவருடைய டிக் டிக் எனக்குக் கேட்கிறது. வேறு யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல், மூட்டுவலிக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அது பேசாமல் இருபத்தைந்து வருடம் உள்ளே இருந்து இதயத்தின் ஒரு வால்வைத் தின்றுவிட்டிருக்கிறது. இங்கே வந்து நான்காவது வருடம் நெஞ்சைப் பிளந்து ஓர் உலோக வால்வை வைத்தார்கள், வாயைத் திறந்து தூங்கினால் கைக்கடிகாரம் மாதிரி சத்தம் வரும். முதல் மாதம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அது இல்லாமல் வருவதில்லை, போன வருடம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தாராபுரம் தனியாகப் போயிருந்தபோது பத்து நாளும் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன், வெட்கத்தை விட்டு யாரிடம் சொல்வது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, மாத்திரைக்கு ஏற்றபடி கீரை. கீரையை அதிகம் தின்றால் மாத்திரை வேலை செய்யாது, திடீரென்று விட்டுவிட்டால் மாத்திரை அளவுக்கு மீறி வேலை செய்யும், ஆகையால் எங்கள் வீட்டில் கீரைக்கு நாள் உண்டு, திங்களும் வியாழனும், ஆளுக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி கூடாது குறையாது. முருங்கைக்கீரை என்றால் உயிரை விடுகிற மனுசன், அந்த ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு அடிவயிற்றிலிருந்து பாசம் வரும். இரண்டாயிரத்து இரண்டில், இந்த நாட்டிலேயே தங்க விடுகிற பச்சை அட்டை கைக்கு வந்த ஆறாம் மாதம், அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், முதல் ஆள் இவர். வேலை போனதோடு காப்பீடும் போயிற்று, இந்த நாட்டில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. சரி, நாமே பணம் கட்டி ஒரு காப்பீடு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏஜென்டைக் கூப்பிட்டோம். தேன் ஒழுகப் பேசினான். வயது, உயரம், எடை, எல்லாம் சரி சார், இதயத்தில் ஏதாவது? இவர் பொய் சொல்லத் தெரியாதவர், உலோக வால்வு என்றார். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த பேனாச் சத்தம் நின்றது எனக்கே கேட்டது. ரொம்ப மன்னிக்கணும் சார். இரண்டாவது கம்பெனி. மூன்றாவது. ஏழாவதில் நானே போனைப் பிடுங்கி வைத்தேன். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் குரலை உயர்த்தவில்லை, அத்தனை பேரும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு இவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "என்னைய வெச்சுக்கறது உனக்கு நட்டம் கலா" என்றார். பாழாய்ப்போன அந்த வார்த்தை. இன்னும் அது என் காதிலேயே கிடக்கிறது, இசை ஓடினாலும் கிடக்கிறது, லேபிள் ஒட்டினாலும் கிடக்கிறது. அடுத்த வாரமே எலும்பு டாக்டர் ஆபீஸில் சேர்ந்தேன். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை, காப்பீடு எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டேன். இவர் வீட்டிலிருந்தபடி கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிற கான்ட்ராக்ட் வேலை பிடித்துக்கொண்டார், அதில் கூலி உண்டு, காப்பீடு கிடையாது. ஆக அவருடைய நெஞ்சு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நான் எழுந்தால் அது விழுந்துவிடும்.

பதினொன்று பத்து. நாற்காலியும் மோசமான நாற்காலி இல்லை, பொய் சொல்லக் கூடாது. யாருக்காவது முழங்காலை ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் காப்பீட்டுக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அந்த அனுமதியை வாங்குவதுதான் என் வேலை. ஒரு வார்த்தை உண்டு, முன்பே இருந்த நோய் என்று, அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பேருந்து ஓட்டுகிற அம்மா வந்தாள், வேலை மாறி புதுக் காப்பீடு வாங்கியவள், தோள்பட்டை தூக்க முடியவில்லை, அந்தத் தோள் இதற்கு முன்பே வலித்திருக்கிறது, ஆகவே பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் பணம் கொடுப்போம் என்கிறார்கள். மூன்று மணி நேரம் போனில் சண்டை போட்டேன். தோற்றேன். அவள் என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனாள், அதுதான் தாங்கவில்லை. புதுச் சட்டம் வருகிறது, முன்பே இருந்த நோயைக் காட்டி இனி யாரையும் தள்ள முடியாது என்று மதிய உணவு நேரத்தில் டி.வி.யில் சொன்னபோது ஆபீஸில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நாடு திவாலாகிவிடும் என்று ஒருத்தி, இன்னும் எத்தனை படிவம் வருமோ என்று ஷெரில், நான் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைச் சாப்பிட்டேன். ஆனால் எல்லோருக்கும் அது கரும்பாக இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எதிர்வீட்டு ரான் குழாய் வேலை செய்கிறவர், சொந்தத் தொழில், ஐம்பது வயதில் தலைவலி மாத்திரை போட்டு அறியாதவர், மலிவாக ஒரு காப்பீடு வைத்திருந்தார், அது புதுச் சட்டத்துக்குச் சரிப்படாது என்று ரத்தாகிவிட்டது, புதியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேலியோரம் நின்று ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தார். என்னை இல்லை, சட்டத்தை. ஆனாலும் நான் ஏதோ அவர் வீட்டுத் தென்னையில் தேங்காய் பறித்தவள் மாதிரி நின்றேன். அவர் கட்டுகிற அதிகப் பணத்தில்தான் இவருடைய டிக் டிக் ஓடப்போகிறதோ? ஓரளவுக்கு அப்படித்தான், இல்லையென்று சொல்ல நான் யார். இவரிடம் சொன்னேன், இவர், "அவருக்கு ஒரு நா முடியாமப் போனா அப்ப நம்ம காசும் அதுல இருக்கும் கலா" என்றார். பேச்சு சரிதான், ஆனால் ஆரோக்கியமான மனிதனிடம் போய் அதை எப்படிச் சொல்வது. அதோ அந்த ரான்தான் இப்போது ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாசல் பனியைத் தன் இயந்திரத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறார், கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. போன வாரம் கொடுத்த இட்லியை மேப்பிள் பாகு ஊற்றித் தின்றாராம். தின்றுவிட்டுப் போகட்டும். இன்றைக்கு இன்னும் பத்து கொடுத்தனுப்ப வேண்டும்.

பதினொன்று முப்பத்திரண்டு. இட்லி மாவை நான் ஒரு தொழிலாக ஆரம்பிக்கவே இல்லை, குளிரில் மாவு பொங்கவில்லை என்று அழுத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன், அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள், இப்போது அறுபத்திரண்டு வீடு. வீட்டுச் சமையலறையில் அரைத்து விற்பதற்கு ஓர் அளவுக்கு மேல் இந்த ஊர்ச் சட்டம் விடாது, ஆகையால் பக்கத்துத் தெரு சர்ச்சின் சமையலறையை வாரத்தில் மூன்று நாள் வாடகைக்குப் பேசியிருக்கிறேன், ஜனவரி இரண்டாம் தேதி முதல். கோயமுத்தூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது நாற்பது லிட்டர் கிரைண்டர், காரேஜில் நிற்கிறது, பாதிரியாரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சாய்க்கிற பிடியைப் பிடித்து இரண்டு முறை சாய்த்து நிமிர்த்தி, குழந்தை மாதிரி சிரித்தார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கென்று ஒரு வேலை, நானே தேர்ந்தெடுத்தது, அதை நினைக்கிறபோதெல்லாம் காலுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் வருகிறது, யாரும் பார்க்காதபோது மளிகைக் கடை வண்டியை ஓட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் பியானோ நிற்கவில்லையே. ஒருவேளை இன்று நடக்காவிட்டால்? ஜனவரி முழுக்க காப்பீடு கிடையாது. ஆபீஸ் காப்பீட்டையே முழுத்தொகையும் நாமே கட்டித் தொடரலாமாம், வீட்டுத் தவணையைவிட அதிகம், இரண்டு மாதம் கட்டினால் சர்ச் வாடகைக்கு வைத்திருந்தது கரைந்துவிடும். கட்டாமல் விட்டால், அந்த ஒரு மாதத்தில் ஏதாவது... ஒரு ரத்தக்கட்டி, கடுகளவு போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்... சீ, நாளும் கிழமையுமாக என்ன நினைப்பு, லேபிளை ஒட்டு, கலாமணி மாவு, கலாமணி மாவு. பதினொன்று நாற்பது. இவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் நிற்கிறார், கையில் சுவர் டெலிபோனின் ரிசீவர், சுருள் கயிறு சமையலறை வரைக்கும் நீண்டிருக்கிறது. "ஷெரிலுக்குப் போன் பண்ணீரு கலா. இன்னும் இருவது நிமிசம் இருக்குது." "எதுக்குங்?" "எதுக்குன்னா? வேலைல இருந்துக்கறேன்னு சொல்லு. மாவு அடுத்த வருசம் பாத்துக்கலாம்." "அடுத்த வருசம் நீங்க வேற எதாச்சும் பேர மாத்தி வெப்பீங்க." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்னால பதனோரு வருசம் போச்சு. இன்னைக்கும் என்னாலதான். பேசாம கூப்புடு." எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம், பதினொரு வருடத்துக் கோபம், லேபிள் கட்டை மேஜைமேல் அடித்தேன். "ஏனுங், நான் எப்பவாச்சும் நட்டம்னு சொன்னனா? சொன்னது நீங்க. நானாச் சேந்தேன், நானா இருந்தேன், இன்னிக்கு நானா வெளிய வர்றேன். அந்த ரிசீவரக் கொண்டு போயி மாட்டுங்க மொதல்ல. சித்தெ நேரம் பொறுக்க மாட்டீங்களா?" மனுசன் அசையாமல் நிற்கிறார். டிக் டிக் கொஞ்சம் வேகமாகக் கேட்கிறது. அப்புறம் திரும்பிப் போய் ரிசீவரை மாட்டுகிறார், மாட்டிவிட்டுக் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். பதினொன்று நாற்பத்தைந்து.

பியானோ நின்றது. உச்சிக்குப் போகிற இடத்தில், பாதியில். எனக்கு அந்த அறுபடும் சத்தம் தெரியும், பதிவுக் குரல் வருவதற்கு முன்னால் இப்படி நிற்காது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, போனை எடுக்கிறபோது உளுந்து டப்பா உருண்டு தரையெல்லாம் உளுந்து. மூக்கடைத்த ஒரு பெண் குரல், டெனீஸாம், காலை ஆறு மணியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாளாம், என்ன உதவி வேண்டும் என்கிறாள். சொன்னேன். நாச்சிமுத்து எல்லோருக்கும் கடைசிப் பெயர் இல்லை, என் கணவருக்கு மட்டும்தான், அது அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு அவள் அப்பா பெயர், அதாவது என் கணவரின் முதல் பெயர்தான் என் மகளுக்குக் கடைசிப் பெயர். அந்தப் பக்கம் அமைதி. இவளும் பேனாவை வைத்துவிட்டாளா? "அப்படியானால் உங்கள் வீட்டில் குடும்பப் பெயர் யாருக்குத்தான் இருக்கிறது?" என்றாள் டெனீஸ். "யாருக்கும் இல்லை" என்றேன். "ஆனால் நீங்கள் ஒரு குடும்பம்?" "இருபத்திரண்டு வருடமாக." ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், சிரிப்பா இருமலா தெரியவில்லை, இன்றைக்கு முதல் முறையாகச் சிரிக்கிறேன் அம்மா, நன்றி என்றாள். அப்புறம் வேலையில் இறங்கினாள், நல்ல வேலைக்காரி, தட்டுகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கலாமணி நாச்சிமுத்துவை அழித்தாள், சுடர் நாச்சிமுத்துவை அழித்தாள், தெய்வசிகாமணியின் பதினான்கு ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக நான் சொல்ல, ஒவ்வொன்றாக அவள் திருப்பிச் சொல்ல, அடுப்பங்கரையிலிருந்து இவர் தன் பெயரைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பத்தொன்று. திரை சுற்றுகிறது அம்மா, சுற்றுகிறது, சுற்றுகிறது. நான் தாராபுரத்துச் சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன், எந்தச் சாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமோ. "வந்துவிட்டது. மூன்று பேரும் பொருந்துகிறார்கள்." ஓவனுக்குள்ளே மாவு பாத்திரத்தை மீறி வழிய ஆரம்பித்துவிட்டது, சொட்டுச் சொட்டாக, நான் கையைக் காட்டுகிறேன், இவர் ஓடுகிறார். டெனீஸ் மீதிக் கேள்விகளைக் கேட்கிறாள். யாராவது சிறையில் இருக்கிறீர்களா? இல்லை. யாராவது புகை பிடிக்கிறீர்களா? இல்லை. நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா? நாற்பத்தெட்டு வயதில் இந்த மரியாதை எனக்கு வேறு எங்கே கிடைக்கும். இல்லை என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு. எந்தத் திட்டம்? ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன், வருமானத்துக்கு ஏற்றபடி ஒரு பங்கை அரசாங்கமே கட்டிவிடும், எங்களுக்கு வருகிற பங்கு சமாளிக்கிற தொகைதான். தட்டினாள். ஜனவரி ஒன்றாம் தேதி முதல் என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

நான் காத்திருந்தேன். அந்தக் கேள்வி வரவில்லை. உடம்பெல்லாம் அதற்குத் தயாராக இருந்தது, ஏழு கம்பெனிக்கும் சொன்ன அதே வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது, ஆனால் கேட்க வேண்டியவள் கேட்காமல் வேறு ஏதாவது என்கிறாள். "நீங்கள் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள்" என்றேன், என்ன தைரியமோ, என்ன பைத்தியமோ, கையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. "என் கணவருக்கு இதயத்தில் உலோக வால்வு இருக்கிறது." சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மா," என்றாள் டெனீஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் திரையில் அதைக் கேட்கிற இடமே இல்லை. அவர் நன்றாக இருக்கிறாரா?" நன்றாக இருக்கிறார் என்றேன். பண்டிகை வாழ்த்துச் சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள், பியானோ கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற யாரோ ஒருவருக்கு. வீடு அமைதியாகிவிட்டது, பனி தள்ளுகிற இயந்திரமும் நின்றுவிட்டது. இவர் முழங்கை வரைக்கும் மாவோடு வருகிறார், தரையில் கிடக்கிற உளுந்தின்மேல் காலை வைக்கத் தயங்கி அங்கேயே நிற்கிறார். "என்னாச்சு?" "ஆயிருச்சுங்க. ஒண்ணாந்தேதிலிருந்து." "மூணு பேருக்குமா?" "மூணு பேருக்கும்." அவர் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "எம்பட நெஞ்சப் பத்தி என்ன கேட்டாங்க?" "ஒண்ணும் கேக்கலீங்க." "ஒண்ணுமேவா?" "நானாத்தான் சொன்னேன். எங்களுக்கு அது வேண்டாம்னுட்டாங்க." "வால்வுன்னு சொன்னியா?" "சொன்னேன்." "உலோக வால்வுன்னு?" "அப்படித்தாஞ் சொன்னேன்." மனுசன் அதை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறார், புருவம் ஏறுகிறது, உதடு துடிக்கிறது, அழப்போகிறார் என்று நான் எழுந்திருக்கிறேன். "அதெப்படி கலா," என்கிறார், நிஜமாகவே மனத்தாங்கலோடு, கல்யாண வீட்டில் தன்னை யாரும் வாங்க என்று கேட்காமல் விட்டுவிட்டதுபோல, "ஊட்ல பதனோரு வருசமா இதத்தான பேசிட்டிருக்கறோம், ஒரு வார்த்தையாச்சும் கேக்க வேண்டாமா?"